மாரமங்கலம் முதல் மீனம்பாக்கம் வரை

சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று கைபேசியில் தட்டினால் உடனே விடை வந்துவிடும். தூரம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர், பயண நேரம் ஒரு மணி அல்லது அதற்குச் சற்றுக் கூட. விடையில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்து ஓடுதளத்தில் தொடங்கி, சென்னையில் மீனம்பாக்கத்து ஓடுதளத்தில் முடிந்துவிடுகிறது. ஓடுதளத்தில் யாரும் குடியிருப்பதில்லை. சேர்வராயன் மலைமேல் வீடு வாசலோடு இருக்கிற ஒருவருக்கு இந்த 265 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிடலாம் என்றுதான் மாரமங்கலத்துக்குப் போனேன்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, மிளகாய் பஜ்ஜியோடு கீழே இறங்கிவிடுவார்கள். மாரமங்கலம் அந்தச் சுற்றில் வராது. ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளில் அதுவும் ஒன்று. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கிற ஊர். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. பெயரைப் பார்த்து கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடம் வழிவழியாக வரும் கதை. அண்ணன் தம்பி மூவர் காஞ்சியை விட்டுக் கிளம்பி, ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் பச்சைமலைக்கும், ஒருவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை நான் கேட்டது ஒரு காப்பிக் களத்து ஓரத்தில். பெரியவர் ஒருவர் சிவந்த பழங்களைக் காலால் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார். கீழே இருந்த பழம் மேலே வர வேண்டும், ஒரே பக்கம் காய்ந்தால் பூசணம் பிடித்துவிடும். குதிகாலைத் தூக்காமல் பாதத்தை இழுத்து இழுத்து அவர் நடந்த இடத்தில் களத்தில் கோடு கோடாக விழுந்தது. காஞ்சிபுரம் இங்கிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் வடகிழக்கே கை நீட்டினார். "மத்தியானம் பிளேன் ஒண்ணு போகும் பாருங்க, அந்தப் பக்கம்."

ராத்திரி வரைபடத்தை விரித்து அளவுகோல் வைத்துப் பார்த்தபோது அவர் கை சரியாகவே நீண்டிருந்தது தெரிந்தது. காமலாபுரத்தையும் மீனம்பாக்கத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அது சேர்வராயன் மலையின் வடசரிவைத் தொட்டு, அரூர் பக்கமாகப் போய், திருவண்ணாமலைக்கு வடக்கே கடந்து, செய்யாறு மேலாகச் சென்று, காஞ்சிபுரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே நழுவி, சென்னையைச் சேர்கிறது. மூன்று சகோதரர்கள் நடந்ததாகச் சொல்லப்படும் வழியில் முக்கால் பங்கு இந்தக் கோட்டை ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். விமானி அந்தக் கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் போவார் என்பதில்லை. வான்வழித் தடங்கள் என்று தனியே உண்டு, அதோடு தரையிலிருக்கும் கட்டுப்பாட்டு அறை சொல்கிறபடி திரும்ப வேண்டும். ஆனால் 'விமானத் தூரம்' என்று கைபேசி சொல்வது இந்த நேர்கோட்டைத்தான்.

பெரியவரின் பேரன் சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். விடுப்பு முடிந்து மறுநாள் காலை கிளம்புகிறான் என்றார்கள். அவன் ரயிலில் போகிறான், நான் விமானத்தில் போகிறேன் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே சிரிப்பு. "ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறுங்க தம்பி. யாரு மொதல்ல போய்ச் சேர்றீங்கன்னு பார்த்துடலாம்" என்று பெரியவர் பந்தயம் கட்டினார். பந்தயப் பொருள் என்ன என்று சொல்லவில்லை. எனக்கும் இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்திருக்காது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ். பனி இன்னும் விலகவில்லை, மஞ்சள் விளக்கு இரண்டு முதலில் தெரிந்து பிறகுதான் பஸ் தெரிந்தது. எனக்கு விமானம் மதியத்துக்கு மேல்தான். அடுத்த பஸ்ஸில் வரலாமே என்று அவனிடம் கேட்டேன். "அடுத்த பஸ்ஸை நம்பி ஏர்போர்ட் போகாதீங்கண்ணா" என்றான். மலை ஊர்களுக்கு ஓடுகிற பஸ்கள் கொஞ்சம். ஒன்று வராமல் போனால் அன்றைய கணக்கே போச்சு. கார் வைத்திருக்கிறவர் ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் போதும். பஸ்ஸை நம்புகிறவர் விடியுமுன் எழுந்தாக வேண்டும். விமானப் பயணத்தின் நேரத்தைக் கணக்குப் பார்க்கிற எந்தச் செயலியிலும் இந்த மூன்று மணி நேரத்துக்குக் கட்டம் கிடையாது.

ஏற்காடு வரைக்கும் சாலை ஒரு வண்டி அகலத்தில் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து போகிறது. எதிரே ஜீப் வந்தால் ஏதாவது ஒன்று பின்னால் போக வேண்டும். பழ மூட்டை ஏற்ற ஒரு நிறுத்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு நிறுத்தம், நடத்துநருக்குத் தெரிந்த பாட்டி மேட்டிலிருந்து இறங்கி வரும்வரை ஒரு நிறுத்தம். இதை யாரும் தாமதம் என்று நினைப்பதாகத் தெரியவில்லை. ஏற்காடு ஏரியைப் பார்த்தபோது முக்கால் மணிக்கு மேல் ஆகியிருந்தது.

ஏற்காட்டில் பஸ் மாறும்போது கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஏற்காட்டிலிருந்து சேலம் விமான நிலையம் நேர்கோட்டில் 16 கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட நேர் மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம். மேற்குச் சரிவில் ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் சந்தைக்கு அப்படியே இறங்கிப் போவோம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். பஸ்ஸோ முதலில் தெற்கே சேலத்துக்கு இறங்கி, ஊரைத் தாண்டி, மறுபடி வடக்கே ஓமலூர் சாலையில் திரும்பி மேலே வர வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் சுமாராக வந்துவிடுகிறது. நேர்கோட்டுத் தூரத்தைப்போல் மூன்று மடங்கு. சென்னைக்குக் கிடக்கிற 265 கிலோமீட்டரில் சாலைக்கும் வானத்துக்கும் இப்படி மூன்று மடங்கு வித்தியாசம் கிடையாது. சாலையில் போனால் 340-ஐ ஒட்டி வரும், ரயிலில் 335-க்குள். கோணல் எல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 280 மீட்டர் சுமாரில். ஆயிரத்து இருநூறு மீட்டரை இறக்கி வைக்கத்தான் இத்தனை வளைவு. ஓட்டுநர் இரண்டாம் கியரை விட்டு மாறவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை ஒரு தரம் அழுத்திவிட்டு, எதிரே வருவது யார் என்று பார்த்து, ஏறி வருகிறவருக்கு வழி விட்டுத்தான் இறங்கினார். மழைக்காலத்தில் பாறை சரிந்தால் இந்த வழியே மூடிவிடும். அப்போது குப்பனூர்ப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும், நேரம் இன்னும் கூடும். பேரன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தான். காது அடைத்துத் திறந்தபோதுகூட அவனுக்கு விழிப்பு வரவில்லை.

அடிவாரம் வந்ததும் காற்று சுட ஆரம்பித்தது. கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று ஊர் தொடங்கியது. எட்டு மணிக்கு மேல் சேலத்தில் இறங்கினோம். அவன் ஜங்ஷனுக்குப் போக ஷேர் ஆட்டோ பிடித்தான். கோவையிலிருந்து வரும் கோவை எக்ஸ்பிரஸ் ஒன்பது மணிக்குச் சற்று முன் சேலத்தைத் தொடும், ஐந்து மணி நேரத்தில் சென்ட்ரல். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு இருநூறு ரூபாய்கூட ஆகாது. இன்னும் வேகம் வேண்டும் என்றால் 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குள் போய்விடும். ஆனால் கோவையிலிருந்து காலையில் வருகிற அது சேலத்தைத் தொடுவது எட்டு மணியை ஒட்டி. மாரமங்கலத்துப் பஸ்ஸில் வந்து அதைப் பிடிக்க முடியாது. "போய்ட்டு வர்றேண்ணா, சென்னைல பார்ப்போம்" என்று ஏறினான். பெரியவரின் பந்தயம் அவன் முகத்தில் தெரிந்தது.

நான் ஓமலூர் பஸ்ஸில் ஏறினேன். பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிற கருப்பூரைத் தாண்டி, ஓமலூரைத் தாண்டினால் காமலாபுரம். விமான நிலையம் 1993-இல் திறந்தது. திறந்ததும் என்.இ.பி.சி. விமானங்கள் கொஞ்ச நாள் வந்தன, பிறகு நின்றன. நீண்ட மௌனத்துக்குப் பின் 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் இரண்டு வருடம் நிலைக்கவில்லை. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டம் வந்த பிறகு, 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. சேலத்துக்காரரான அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியே வந்து தொடங்கி வைத்தார். 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் பெங்களூரு, கொச்சி வழியில் அலையன்ஸ் ஏரும், அதே மாதக் கடைசியில் சென்னைக்கு இண்டிகோவும் வந்தன. சேலத்துக்காரர்களிடம் விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "இப்ப ஓடுதா?" என்பதுதான் முதல் கேள்வி. ஓடுகிற வருடங்களைவிட ஓடாத வருடங்கள் அதிகம் என்பதால் அந்தக் கேள்வியில் கேலி எதுவும் இல்லை.

இந்த விட்டுவிட்டு ஓடும் வரலாற்றுக்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சேலம் ரயிலுக்கு வாகான ஊர். சென்னையிலிருந்து கோவைக்கும் கேரளத்துக்கும் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வழியேதான் ஓடுகின்றன. 265 கிலோமீட்டர் என்பது விமானத்துக்குச் சங்கடமான தூரம். பறக்க ஆரம்பித்ததும் இறங்க வேண்டும். விமான நிறுவனங்கள் பயண நேரம் என்று அச்சடிப்பது சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, போய் நின்று மறுபடி கட்டை வைக்கிற நிமிடம் வரைக்கும். அதில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அடக்கம். இந்த ஓடுதளத்துக்கு வருகிற ஏ.டி.ஆர். 72 இரட்டை விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் 265 கிலோமீட்டர் அரை மணி நேரச் சமாச்சாரம். மீதி அரை மணி ஏறி இறங்கும் சடங்குக்கு. இங்கிருந்து பெங்களூரு நேர்கோட்டில் 160 கிலோமீட்டர் சுமார், சென்னைத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதற்கும் அட்டவணையில் ஒரு மணி நேரம்தான் போட்டார்கள்.

தூரம் கூடக்கூட இந்தச் சடங்கு கரைந்துபோகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், நாலே கால் மணி, நாலரை மணி நேரம். அங்கே ஜெட் விமானம், மணிக்கு 640 கிலோமீட்டருக்கு மேல் கணக்கு விழுகிறது. இங்கே அதே கணக்கைப் போட்டால் மணிக்கு 265-ஐத் தாண்டுவது கஷ்டம். சிங்கப்பூர் போகிற சேலத்துக்காரருக்கு முதல் 265 கிலோமீட்டர்தான் ரொம்ப மெதுவான பகுதி.

விமானத்துக்கு இன்னும் நேரம் கிடந்ததால் வேலியை ஒட்டிக் கொஞ்சம் நடந்தேன். ஓடுதளம் ஏறத்தாழ 6,000 அடி. ஏர்பஸ், போயிங் மாதிரிப் பெரிய விமானம் இறங்க இது பற்றாது என்று நீட்டிக்கும் பேச்சு வெகுகாலமாக இருக்கிறது. காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஊர்களில் 570 ஏக்கர் வரை நிலம் எடுக்கத் திட்டம் வந்தபோது விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். டீக்கடையில் என்னோடு பேசிய ஒருவர் வேலிக்கு இந்தப் பக்கம் சோளம் போட்டிருந்தார். விமானத்தில் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். "தெனமும் பார்க்குறோம்ங்க, அது போதும்" என்றார். பிறகு, கேட்காமலே, "மெட்ராஸ் போகணும்னா ஓமலூர்ல பஸ் ஏறிடுவோம்" என்று சேர்த்துக்கொண்டார். விமான நிலையத்துக்கு ஒரு கல் தொலைவில் குடியிருப்பவர் பயணத்துக்கு எதிர்த்திசையில் கிளம்புகிறார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

அங்கே நின்றபோது கிழக்கே சேர்வராயன் மலை நெடுகத் தெரிந்தது. காலையில் நான் கிளம்பிய ஊர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். இந்த ஓடுதளம் கிடப்பது 78-ஆம் தீர்க்கரேகையை ஏறக்குறைய ஒட்டி. வில்லியம் லாம்டனும் அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்டும் கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போன பெரும் வில்லும் இந்த 78-ஐ ஒட்டித்தான் போகிறது. இரண்டு ஊர்களின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்தால் நேர்கோட்டுத் தூரத்தைக் கைபேசி சொல்லிவிடும். ஆனால் அதற்குப் பூமியின் அளவும் வளைவும் முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு மலைமலையாக ஏறினார்கள்.

உள்ளே சிறிய கட்டடம். பெட்டியை ஸ்கேன் செய்யவும், பாதுகாப்புச் சோதனைக்கும் அவ்வளவாக நேரம் பிடிக்கவில்லை. சிறிய விமான நிலையத்தின் பெரிய வசதி இது. ஆனாலும் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் முடிந்துவிடும் என்பதால், சீக்கிரம் வந்து உட்காருவதைத் தவிர வழியில்லை. அந்த வேளையில் பேரனின் வண்டி ஜோலார்பேட்டையை எல்லாம் தாண்டிக் காட்பாடிப் பக்கம் போயிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது.

ஒரு மணியை ஒட்டி விசிறிகள் சுற்றத் தொடங்கின. வலப்பக்க ஜன்னல். ஏ.டி.ஆரின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடை இல்லை. ஓடுதளத்தை விட்டு எழுந்து வடகிழக்கே ஏறினோம். தானிஷ்பேட்டை, லோகூர் வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு போகிற ரயில் பாதை கோடாகத் தெரிந்தது. பிறகு மலை வலப்பக்கமாக அருகில் வந்தது. காப்பித் தோட்டங்களின் கரும்பச்சை, நடுநடுவே தகரக் கூரைகளின் மின்னல், மேலே சேர்வராயன் கோயில் இருக்கும் மொட்டை மேடு. அந்த மேட்டின் உயரம் 1,600 மீட்டருக்குச் சற்று மேல். கட்டையை எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஏற்காட்டுக்கு நேர் வடக்கே இருந்தோம். காலையில் அங்கிருந்து இறங்கி விமானத்தில் உட்கார எனக்கு ஆறு மணி நேரம் பிடித்திருந்தது. மாரமங்கலத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன். தோட்டங்கள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. களத்திலிருந்து பெரியவர் பார்த்திருந்தால் அவருக்குத்தான் என்னைத் தெரிந்திருக்கும்.

அரூர்ப் பக்கம் வந்தபோது கீழே வயல்களையும் கிணறுகளையும் பார்த்ததும் எட்டு வழிச் சாலை நினைவுக்கு வந்தது. 2018-இல் அறிவித்த சென்னை–சேலம் பசுமைவழிச் சாலையின் நீளம் 277 கிலோமீட்டர். விமானத்தின் நேர்கோட்டைவிடப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல். அளவுகோலை வைத்து இழுத்த கோட்டை அப்படியே தரையில் இறக்க நினைத்த திட்டம் அது. பயண நேரம் பாதியாகும் என்றார்கள். நேர்கோட்டில் போனால் நேரம் குறையத்தான் செய்யும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வானத்தில் கோட்டுக்கு அடியில் யாரும் கிணறு வெட்டி வைக்கவில்லை. சேலத்திலிருந்து காஞ்சிபுரம் வரை நிலம் போகிறவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி தொடரலாம் என்றது. சாலை இன்னும் வரவில்லை. வளைந்து போகிற பழைய சாலைகளிலும், அதேபோல் வளைந்து போகிற ரயிலிலும்தான் ஜனம் போய்க்கொண்டிருக்கிறது.

மேகத்துக்குள் கொஞ்ச நேரம் குலுங்கியது. காற்றின் பங்கும் இந்த நேரக் கணக்கில் உண்டு. தென்மேற்குப் பருவ மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று சென்னை போகிற விமானத்தை முதுகில் தள்ளும், திரும்பி வருகிற விமானத்தை மாரில் தடுக்கும். இந்தத் தூரத்தில் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். சென்னை–லண்டன் மாதிரி நெடுந்தூரத்தில் மேற்குக் காற்று போகும்போது நேரத்தைக் கூட்டி, வரும்போது குறைத்துவிடும். தூரம் ஒன்றுதான், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இரண்டாக இருக்கும். குடிக்கத் தண்ணீர் கொடுத்த கையோடு, இறங்கப் போகிறோம், பெல்ட் போடுங்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மீனம்பாக்கத்தில் சக்கரம் தொட்டது. ஓடுதளத்துக்கு அருகே பரங்கிமலை. லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று இந்தியாவை அளக்கத் தொடங்கியது இந்தக் குன்றின் அடியிலிருந்துதான். நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை சுமாராக நீட்டி நீட்டி வைத்து, ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார். வெயிலில் எஃகு நீளுமே என்று சங்கிலிக்குப் பக்கத்தில் வெப்பமானியும் வைத்தார்கள். 265 என்ற எண் பிறந்த இடம் என்று இந்த மண்ணைச் சொல்லலாம். ஓடுதளத்தின் இன்னொரு பக்கம் பல்லாவரம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் அங்கேதான் பழைய கற்காலக் கோடரியைப் பொறுக்கி எடுத்து, இந்தியாவில் மனிதன் எவ்வளவு காலமாக இருக்கிறான் என்ற கணக்கையே மாற்றினார். அந்த ஃபுட் கடைசிக் காலத்தில் வீடு போட்டு வாழ்ந்த ஊர் ஏற்காடு. ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து ஏற்காடு போக அவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ரயில் 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு வந்துவிட்டது. ஆகவே சேலம் வரைக்கும் ஒரு பகலும் ஓர் இரவும் தாராளம். அதற்கு மேல் குதிரையோ பல்லக்கோ. அன்றைக்கும் கடைசி முப்பது கிலோமீட்டர்தான் படுத்தியிருக்கும்.

பெட்டி வர நேரமானது. வெளியே வந்து மெட்ரோ நிலையத்துக்கு மேம்பாலத்தில் நடந்து, வண்டி பிடித்து, சின்னமலை தாண்டியபோது கைபேசி அடித்தது.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"மெட்ரோல வந்துட்டு இருக்கேன்பா. நீ?"

"நான் கடைக்கு வந்தாச்சு. குளிச்சுட்டு நிக்கிறேன். தாத்தாகிட்டயும் சொல்லிட்டேன்."

கோவை எக்ஸ்பிரஸ் இரண்டு மணிக்கு முன்பே சென்ட்ரலுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பாரிமுனைக்கு அவன் நடந்தே போயிருக்கிறான். நான் சென்ட்ரலுக்கு வரும்போது மூன்று மணி ஆகிவிடும். நியாயமாகப் பார்த்தால் அவன் கடை கிண்டியிலோ பல்லாவரத்திலோ இருந்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன். அதை அவனிடம் சொன்னேன். "கடை பாரிமுனைலதானண்ணா இருக்கு" என்றான்.

கொஞ்ச நேரத்தில் பெரியவரே கூப்பிட்டார். மலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவன் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். எதிர்ப்பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. மனத்துக்குள் மிளகு விலையில் வகுத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"சரி, திரும்பி வர்றப்ப எதுல வர்றீங்க?"

"ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வர்றேங்க ஐயா."

"அது ஏற்காட்டுக்கு வராதே" என்று அவர் சிரித்தார். ஈரோடு வரைக்கும் போகிற வண்டி அது, மலையடி வரைகூட வராது, பெயர் மட்டும் மலையுடையது. ராத்திரி பதினோரு மணியை ஒட்டி சென்ட்ரலில் ஏறிப் படுத்தால் நாலு மணி சுமாருக்குச் சேலம் ஜங்ஷன். மலைக்கு முதல் பஸ் வரும்வரை பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டு இருக்கலாம். காப்பிப் பழம் காய்வதற்குள் வந்துவிட்டால் தனக்கு ஒரு கை உதவியாகும் என்றார் பெரியவர்.